பொறி பறக்காத கல்

அன்றைக்குத் தோள்பட்டை வலி உயிர் போனது. இல்லாவிட்டால் சம்மட்டியால் ஒரு போடு போட்டு, பொறி பறக்கிறதா என்று பார்த்திருப்பேன்; குவார்ட்ஸ் கல் என்றால் பறக்கும். முப்பது வருசம் கல்லுடைத்த திமிரில், வெள்ளையாக மினுங்கியதைக் கண்ணால் பார்த்தே, காட்டுக்குச் சொந்தக்காரன் வீரபாண்டியிடம் சொன்னேன்.

"குவார்ட்ஸ்தாம்வே, நல்ல வெலைக்குப் போவும். உம்ம அய்யா சமாதிக்கு அடியில லோடு லோடா கெடக்கு."

விளையாத காடு அது, பனவடலிசத்திரத்துக்கு மேற்கே. அவன் என் பேச்சை நம்பித் தகப்பன் சமாதியைத் தோண்டினான். எலும்பைப் பொறுக்கி உரச்சாக்கில் கட்டி மோட்டார் ரூமில் வைத்தான்.

பிறகுதான் கல்லைச் சோதித்துப் பார்க்க, ஜியாலஜி படித்த ஜாய்லின் வந்தாள். கல்லைப் பொடித்து ஆசிட் ஊற்றினாள். கொஞ்ச நேரத்தில் அது கஞ்சிப்பசை மாதிரி உறைந்தது.

"இது நெஃபெலின்னு வேற கல்லு, அண்ணாச்சி. இது இருக்க பாறையில குவார்ட்ஸ் இருக்காது. மழைத்தண்ணி அரிச்சு குழி விழுந்திருக்கே, பாக்கலையா? குவார்ட்ஸ்னா அப்படி அரிக்காது. இந்தக் கல்லும் மொத்தமே இருபதடிதான். விக்கிற அளவுக்கு இல்ல."

வீரபாண்டி சம்மட்டியால் பாறையில் ஓங்கி அடித்தான். பொறி பறக்கவில்லை. அடுத்த அடி என் முழங்காலில் விழுந்தது. எலும்பு நொறுங்கிய சத்தம் எனக்கே கேட்டது.

"ஏலே, தூங்குன எங்கய்யாவ எழுப்பிட்டியேலே!" என்று வாயிலேயே மிதித்தான். ரத்தத்தோடு இரண்டு பல்லைத் துப்பினேன். பிடித்து இழுத்த ஜாய்லினையும் தள்ளிவிட்டு மிதித்தான். நான் கையைத் தூக்கவில்லை.

சங்கரன்கோவில் ஆஸ்பத்திரியில் போலீஸ் கேட்டபோது, பாறையிலிருந்து விழுந்ததாகச் சொன்னேன். என் கால் இன்னும் ஊன்றவில்லை. அந்தக் கிழவர் இன்னும் சாக்கில்தான் கிடக்கிறார். அவருக்கு நான் ஒரு சமாதி கடன்பட்டிருக்கிறேன்.