சாம்பாரில் மறைந்தவருக்கு ஒரு மாலை

செவ்வாய்க்கிழமை கேன்டீன் சாம்பாரில் புழு கிடந்தது. ஒன்று முத்துச்செல்வி தட்டில், ஒன்று என் தட்டில். அவள் போட்டோ எடுத்து, "இன்று கம்பெனியில் அசைவம்" என்று வாட்ஸ்அப் ஸ்டேட்டஸில் போட்டாள். நான் என்னுடையதை ஓரமாக ஒதுக்கிவிட்டு மிச்சத்தைச் சாப்பிட்டு முடித்தேன். ஆளுக்கொரு சுபாவம்.

மறுநாளே அவளை சஸ்பெண்ட் செய்தார்கள். நிறுவனத்தின் நற்பெயருக்குக் களங்கம் உண்டாக்கினாளாம். எச்.ஆர். மணிகண்டபிரபு எங்கள் ஹாஸ்டல் அறையில் மீதமிருந்த ஏழு பேரையும் கூப்பிட்டு ஆளுக்கொரு தாள் நீட்டினார். "செவ்வாய் அன்று உணவு தரமாக இருந்தது. புழு எதையும் நான் பார்க்கவில்லை." அச்சடித்தே வைத்திருந்தார், கையெழுத்துதான் பாக்கி. ஏழு பேரும் போட்டோம். இதைச் சொல்லும்போதே எனக்கு வெட்கமாக இருக்கிறது. அன்று அறைக்குத் திரும்பியதும் முத்துச்செல்வி என் முகத்தைப் பார்த்தாள். "ஏட்டி கனகா, சாப்பிட்டியா?" என்றாள். கன்னத்தில் நாலு அறை விட்டிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன்.

பத்து நாளில் விசாரணை. புழு இல்லை, நான் சொன்னது பொய் என்று மன்னிப்புக் கடிதம் கொடுத்தால் வேலை மிஞ்சும். இல்லையென்றால் பெட்டியைக் கட்டிக்கொண்டு சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியதுதான். ஊரில் அவள் சம்பளத்தை நம்பித்தான் வீட்டில் அடுப்பு எரிகிறது.

"இருந்தத இல்லன்னு எப்படி எழுதிக் குடுக்க?" என்றாள் அவள். "அது பாவம், செத்து வேற போச்சு."

கம்பெனி கேட் முன்னால் அரை மணி நேரம் கோஷம் போட்டு நிற்க அனுமதி கேட்டு அவளும் நானும் போலீஸ் ஸ்டேஷனுக்கு மூன்று முறை நடந்தோம். முதல் முறை போக்குவரத்து பாதிக்கும் என்றார்கள். இரண்டாம் முறை, போடப்போகும் கோஷங்களை எழுதிக் கொண்டுவரச் சொன்னார்கள். எழுதிப் போனால், "புழு என்ற சொல் ஆத்திரத்தைத் தூண்டும்" என்று ரைட்டர் சிவப்பு மையால் அடித்தார். மூன்றாம் முறை, போராட்டத்துக்கென்றே முப்பது கிலோமீட்டர் தள்ளி ஒரு இடம் ஒதுக்கியிருக்கிறது, அங்கே போய்த் தொண்டை கிழியக் கத்தலாம் என்றார்கள். பேச்சுரிமை தாராளமாக இருக்கிறது. கேட்க வேண்டியவர் மட்டும் பக்கத்தில் இருக்கக் கூடாது.

சரி, ஒரு பேனராவது வைப்போம் என்று சுங்குவார்சத்திரம் பஸ் ஸ்டாப் பக்கத்திலுள்ள எழிலரசன் ஃப்ளெக்ஸ் கடைக்குப் போனோம். அவன் கையெடுத்துக் கும்பிட்டான்.

"சிஸ்டர், கண்டனம்னு போட்டா என் கடைக்கு சீல் வெச்சிடுவாங்க. இன்னா வோணா அடிச்சித் தரேன். கண்டனம் மட்டும் வோணாம்."

சுவர் முழுக்க மாதிரிகள். காதுகுத்து, மஞ்சள் நீராட்டு, தலைவர் பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி. "இதுக்கெல்லாம் அனுமதி வாங்குவாகளா?" என்று கேட்டேன்.

"காதுகுத்துக்குக்கூட ஒருத்தன் வந்து கேப்பான். சாவுக்கு எவன் கேப்பான்?"

முத்துச்செல்வி கண்ணீர் அஞ்சலி மாதிரியைப் பார்த்தாள். பிறகு தன் போனிலிருந்த போட்டோவைப் பார்த்தாள். "அண்ணே, நம்மகிட்டயும் ஒரு சாவு இருக்கு," என்றாள்.

எழிலரசன் சிரித்துச் சிரித்து நாற்காலியிலிருந்து விழப் பார்த்தான். ஆனால் வேலையில் குறை வைக்கவில்லை. புழுவைப் பெரிதாக்கி முட்டை வடிவச் சட்டத்துக்குள் வைத்தான். இருபுறமும் குத்துவிளக்கு, மேலே ஒரு வெள்ளைப் புறா. பெரிதாக்கியதில் படம் கலங்கி, தூரத்திலிருந்து பார்த்தால் யாரோ வழுக்கைத் தலைப் பெரியவர் மாதிரி தெரிந்தது. "தோற்றம்: அரிசி மூட்டை. மறைவு: செவ்வாய்க்கிழமை சாம்பார். எங்களை ஆறாத் துயரில் ஆழ்த்திச் சென்ற புழு அவர்களின் ஆன்மா சாந்தியடையட்டும். துயருடன், பி ஷிஃப்ட் பெண்கள்." அதற்கும் கீழே கம்பெனி பெயரை மட்டும் பெரிதாகப் போடச் சொன்னாள் முத்துச்செல்வி. செத்தவரை விட அஞ்சலி செய்பவர்தானே முக்கியம்.

மறு வாரம் வியாழன் காலை கம்பெனி போகும் சாலையோரம் கட்டினோம். யாரும் கிழிக்கவில்லை. டீக்கடைக்காரர் படிக்காமலேயே ஊதுபத்தி கொளுத்தி வைத்தார். ரோந்து வந்த போலீஸ்காரர் வண்டியை மெதுவாக்கி, நெஞ்சில் கை வைத்துவிட்டுப் போனார். அனுமதி கேட்டபோது கிடைக்காத மரியாதை செத்த பிறகு கிடைத்தது.

பத்து மணிக்குக் கோதண்டம் ஸ்கூட்டரில் வந்து இறங்கினார். அவர் மண்ணூர்க்காரர். சுற்றுவட்டார மக்களோடு கம்பெனிக்கு மனக்கசப்பு வராமல் பார்த்துக்கொள்வது அவர் உத்தியோகம். எங்கே கல்யாணம் என்றாலும் மொய், எங்கே சாவு என்றாலும் மாலை, எல்லாம் கம்பெனி சார்பில் அவர் கையால்தான் போகும். பேனரில் மேலே யார் செத்தது என்று அவர் பார்ப்பதில்லை. கீழே யார் வைத்தது என்றுதான் பார்ப்பார். கீழே கம்பெனி பெயர் பெரிதாக இருந்தது.

அரை மணி நேரத்தில் ஆளுயர ரோஜா மாலையோடு திரும்பி வந்தார். "ஆழ்ந்த இரங்கலுடன், நிர்வாகம்" என்று மாலையில் ஜரிகை ரிப்பன். கட்டிவிட்டு, செருப்பைக் கழற்றிக் கும்பிட்டு, கம்பெனி அதிகாரிகள் வாட்ஸ்அப் குழுவுக்குப் போட்டோ அனுப்பினார். எங்களைப் பார்த்ததும் அவர் முகம் வாடியது.

"ஒங்காளாமா? வயசு இன்னா இருக்கும்?"

"சின்ன வயசுதான் அண்ணாச்சி," என்றாள் முத்துச்செல்வி.

"ப்ச். மன்சு ஒரு மாதிரியா கீதுமா. இங்க பாரு, நம்ம ஆபீசருங்க எல்லாம் இன்னா வருத்தப்பட்டுக்கினு கீறாங்க." போனை நீட்டினார். பதினேழு அதிகாரிகள் கைகூப்பியிருந்தார்கள். கேன்டீன் மேனேஜர் ஒரு கண்ணீர்த் துளி போட்டிருந்தார். மணிகண்டபிரபு, "ஓம் சாந்தி. நிறுவனத்துக்கு ஈடுசெய்ய முடியாத இழப்பு" என்று எழுதியிருந்தார்.

முத்துச்செல்வி அந்தத் திரையை அப்படியே தன் போனில் படம் எடுத்துக்கொண்டாள்.

விசாரணை அறையில் ஏசி வைத்திருந்தார்கள், எனக்கு வியர்த்தது. சென்னையிலிருந்து வந்த வக்கீல் ஒருவர்தான் விசாரணை அதிகாரி. நிர்வாகத்தின் சாட்சியாக என்னை உட்காரவைத்து, நான் கையெழுத்துப் போட்ட தாளை வாசித்தார்கள். குறுக்குக் கேள்வி உண்டா என்று முத்துச்செல்வியைக் கேட்டார் வக்கீல். அவள் போனில் எடுத்த அந்தப் படத்தையும் பேனரின் போட்டோவையும் மேஜையில் வைத்தாள்.

"புழுவே இல்லன்னா கம்பெனி யாருக்கு சார் மாலை போட்டுச்சு?"

வக்கீல் கண்ணாடியை மாட்டி நிதானமாகப் படித்தார். அரிசி மூட்டை வந்ததும் அவர் உதடு துடித்தது. இருமுவதுபோல் கர்ச்சீப்பை வாயில் வைத்துக்கொண்டார். மணிகண்டபிரபு, "அது... தவறுதலாக..." என்றார்.

"ஈடுசெய்ய முடியாத இழப்புன்னு நீங்கதான் சார் எழுதியிருக்கீக," என்றாள் அவள். பிறகு என் பக்கம் திரும்பினாள். அவள் கண்ணில் கோபம் இல்லை, அதுதான் என்னைக் கொன்றது. "கனகா, நீ புழுவப் பாத்தியா?"

மணிகண்டபிரபு என்னையே பார்த்தார். என் ஒப்பந்தம் அடுத்த மாதம் முடிகிறது, புதுப்பிப்பது அவர் கையில். நான் வக்கீல் பக்கம் திரும்பினேன்.

"பாத்தேன் சார்," என்றேன். "என் தட்டுலயும் ஒண்ணு கெடந்துச்சு. பேனர்ல இருக்கவருக்குச் சொந்தக்காரரா இருக்கும்."

வக்கீலுக்கு அதற்கு மேல் கர்ச்சீப் போதவில்லை.

லேபர் கோர்ட்டில் போய் ஓம் சாந்தியை வாசிக்க நிர்வாகத்தில் யாருக்கும் விருப்பமில்லை போலிருக்கிறது. திங்கட்கிழமை முத்துச்செல்வியை மறுபடி லைன் வேலையில் சேர்த்துக்கொண்டார்கள். இனி இறந்தவரின் ஆதாரைப் பார்த்த பிறகுதான் மாலை வாங்க வேண்டும் என்று கோதண்டத்துக்கு உத்தரவு போயிற்று. எனக்கு ஒரு மெமோ வந்தது. புழுவைப் பார்க்கவில்லை என்று முன்பு பொய் எழுதிக் கொடுத்ததற்கு என்மேல் ஏன் நடவடிக்கை எடுக்கக் கூடாது என்று கேட்டிருந்தார்கள். கீழே மணிகண்டபிரபுவின் கையெழுத்து.

காரணம் எழுத நாலு கோடு விட்டிருந்தார்கள். முத்துச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்து, "எப்படியாவது எழுதித் தப்பிச்சிருட்டி," என்றாள். நான் ரொம்ப நேரம் பேனாவைக் கடித்துக்கொண்டிருந்தேன். பிறகு எழுதினேன்.

"அப்போது பயமாக இருந்தது. இப்போதும் பயமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் புழு இருந்தது."