இன்னும் கையெழுத்தாகவில்லை

வடிவின் குரல் ஓடிக்கொண்டிருந்தபோதே டேப்பை நிறுத்தச் சொன்னான் கார்மேகம். எழுபத்துநான்கு டிசம்பர், வளைகுடாவில் வெள்ளிக்கிழமை லீவு. தொழிலாளர் கேம்ப்பில் டேப் ரிக்கார்டர் இல்லாததால், சத்வா பகுதியில் குடியிருந்த பக்கத்து ஊர்க்காரன் ரவிசங்கரின் வீட்டுக்குத்தான் வருவான். கார்மேகத்துக்கும் ஊரில் இருக்கும் அவன் மனைவி வடிவுக்கும் நடுவே ஒரே கேசட்தான் போய்வந்துகொண்டிருந்தது. பதில் பேச வேண்டுமானால் அவள் பேசியதை அழித்து, அதன் மேலேயே பேச வேண்டும்.

"கேட்டீங்கல்ல தங்கச்சி? தைக்குள்ள வரலன்னா பிள்ளையத் தூக்கிட்டு ஆத்தா வீட்டுக்குப் போயிருவாளாம். அரபு நாட்டுக்காரய்ங்களும் அணுகுண்டு செய்யப் போறாய்ங்கன்னு எவனோ டீக்கடையில சொல்லிப்புட்டான்."

கான்ட்ராக்ட் முடியப் பதினான்கு மாதம் இருந்தது. பாஸ்போர்ட் கபீலிடம், விசா கொடுத்த அரபு முதலாளியிடம். இடையில் போனால் திரும்பி வர வழியில்லை.

அந்த வீட்டை இடித்து இப்போது ஐந்து வருடமாகிறது. நினைத்தால் ரவிசங்கரின் மனைவி ஜெயபாரதிக்கு முதலில் வருவது வெயிலில் படபடக்கும் தகரக் கூரையின் சத்தம்தான். அப்போதோ அந்த வீட்டைக் கண்டாலே எரிச்சல். அவள் குடும்பத்தில் காலேஜ் படி மிதித்தவள் அவள் ஒருத்திதான். லத்தீன் அமெரிக்க நாடுகள் கூடி, எங்கள் மண்ணில் அணு ஆயுதமே கூடாது என்று போட்ட உடன்படிக்கையைப் பற்றி எம்.ஏ.வுக்கு நாற்பது பக்கம் எழுதியவள். கல்யாணமாகி வந்த ஊரில் எல்லோரும் கேட்டது ரசப்பொடி இருக்கிறதா என்றுதான். அவள் படித்ததைப் பற்றிக் கேட்ட முதல் ஆள் கார்மேகம். அவனும் கேட்டது ஒரு பொய்.

"இங்கிட்டும் அப்படி ஒரு ஒப்பந்தம் வருதாம்ல? மாப்ள சொன்னாப்ல. எல்லாரும் கையெழுத்துப் போட்டாச்சுன்னு நீங்களே டேப்புல சொல்லுங்க. படிச்ச பொம்பள சொன்னா நம்புவா."

"போடலியே அண்ணே. ஈரானும் எகிப்தும் கேட்டிருக்கு. ஐ.நா.வுல தீர்மானம் போட்டிருக்காங்க. அம்புட்டுத்தான்."

"போட்டாய்ங்கன்னு சொன்னா என்ன கொறஞ்சு போச்சு?"

அடுப்படியிலிருந்து ரவிசங்கர் சிரித்தான். "டீ கேட்டாலே ஐ.நா. சபையக் கூட்டுறவ மச்சான். அவகிட்டப் போயி..."

"நீங்க பேசாதீங்க. மே மாசம் நம்ம நாடு அணுகுண்டு வெடிச்சப்ப லட்டு வாங்கிட்டு வந்த ஆளுதானே நீங்க."

கார்மேகம் தலையைக் குனிந்தான். "நானுந்தேன் ரெண்டு தின்னேன்."

திட்டத் திறந்த வாயை ஜெயபாரதி மூடிக்கொண்டாள்.

"அண்ணே, உள்ளதச் சொல்றேன். பயந்து கிடக்கிற பொம்பளைக்குப் பொய்யக் குடுத்து உக்கார வைக்க என்னால முடியாது."

"உள்ளதச் சொன்னா கெளம்பி வான்னுதேன் சொல்லுவா."

"சொல்லட்டும். அதச் சொல்ல அவங்களுக்கு உரிமை இல்லியா?"

அவன் பாயின் கோரை ஒன்றைக் கிள்ளி எறிந்தான். பிறகு, "சரி, உள்ளதையே சொல்லுங்க" என்றான்.

அவள் விரல் பதிவு செய்யும் சிவப்புப் பொத்தானுக்குப் போனது.

"இருங்க தங்கச்சி. மிச்சத்தையும் கேட்டுருவோம்."

மறுபடி ஓடவிட்டார்கள். வடிவு பேசி முடித்து மூக்கை உறிஞ்சினாள். யாரோ மைக்கைத் தட்டினார்கள். அவன் இன்னும் முகம் பார்க்காத பிள்ளை "ப்பா... ப்பா" என்றது. ரவிசங்கர் டம்ளரோடு வாசலிலேயே நின்றுவிட்டான்.

"இதுக்கு அங்கிட்டுப் பேசுவோம். இத அழிக்க வேணாம்" என்றான் கார்மேகம்.

சக்கரத்தில் விரல் தடிமன்கூட நாடா மிச்சமில்லை. பிள்ளையின் சத்தம் அடங்கும்வரை காத்திருந்து அவள் பொத்தானை அழுத்தினாள்.

"வடிவக்கா, நான் ஜெயபாரதி பேசுறேன். இங்க இன்னும் யாரும் கையெழுத்துப் போடல..."

சொல்லி முடித்து மைக்கை அவன் பக்கம் தள்ளினாள். கார்மேகம் இரண்டு கையாலும் அதை வாங்கி வாய்க்கருகே வைத்துக்கொண்டான். நாடா ஓடிக்கொண்டிருந்தது.