இரண்டுக்கு ஒன்று

கொட்டகைக் கதவைத் திறந்ததுமே தமிழரசுக்கு ஏதோ சரியில்லை என்று பட்டது. முந்தின நாள் மதியம், நிறத்துக்கு மேல் பளபளப்புக்காகக் கிளியர் அடித்து முடித்த கார், கத்திரிப்பூ நிறத்தில் மின்னிக்கொண்டு நின்றது. காய்ந்த கிளியர் கண்ணாடி போல மின்னும். இதுவோ எண்ணெய் வழியும் தலையைப் போல மின்னியது. கதவின் அடி ஓரத்தில் விரலை வைத்துப் பார்த்தான். ஒட்டியது. எடுத்தபோது ரேகை அச்சாகப் பதிந்திருந்தது.

பரமத்தி ரோட்டில் பதினாறு வருஷமாகப் பெயிண்ட் அடிக்கிறவன். லாரி கேபின், போர் போடும் ரிக் வண்டி, கார் என்று அவன் கை படாத வண்டி இல்லை. நேராகப் போய், நேற்றுக் கலக்கிய கப்பைத் தேடி எடுத்துச் சாய்த்தான். அடியில் மிஞ்சியிருந்த கிளியர் பாறையாக இறுகியிருக்க வேண்டும். அது தேனாக வழிந்தது. அப்போது எல்லாம் விளங்கிவிட்டது.

வழக்கமாக வாங்கும் கிளியர் இந்த முறை கடையில் இல்லை. வேறு கம்பெனி டப்பா வாங்கி வந்தான். கிளியரை இறுக வைக்க அதில் ஊற்றும் ஆக்டிவேட்டரும் கூடவே வந்தது. ஆனால் பழைய ஆக்டிவேட்டர் அரை டப்பா மிச்சம் இருந்தது. திறந்த டப்பா காற்றுப் பட்டுக் கெட்டுப்போகுமே, முதலில் இதைத் தீர்ப்போம் என்று அதையே ஊற்றினான். அதுவும் கைப்பழக்கத்தில், நாலு பங்குக்கு ஒரு பங்கு. புது டப்பாவின் பின்பக்கத்தை இப்போதுதான் திருப்பிப் பார்த்தான். இந்தக் கம்பெனி ஆக்டிவேட்டரைத்தான் ஊற்ற வேண்டும், இரண்டுக்கு ஒன்று என்று போட்டிருந்தது.

பக்கத்துக் கொட்டகையில் டிங்கரிங் பார்க்கும் மாரி டீ டம்ளரோடு வந்து எட்டிப் பார்த்தான். விஷயத்தைக் கேட்டதும், "ரெண்டு நாளா ஈரக்காத்து அடிக்குதில்லீங்க? அது மேல பழியப் போட்டுருங்க. வெயில்ல நிறுத்துனா காஞ்சுரும்" என்றான்.

"காயாது மாரி. மேல தோலு கட்டும், உள்ளார பிசுபிசுன்னேதான் இருக்கும். ஒரு மாசத்துல பாளம் பாளமா உரிஞ்சு வரும்."

"அது ஒரு மாசம் கழிச்சுத்தானுங்களே."

தமிழரசு கப்பைக் கீழே வைத்தான். அந்த யோசனை அவனுக்கும் ஒரு நொடி வந்து போயிருந்தது.

பத்து மணிக்குச் செல்லாயி வந்தாள். சேந்தமங்கலம் பக்கம் முப்பத்திரண்டு வருஷம் கிராம நர்ஸாக இருந்து, போன மாதம் ஓய்வு பெற்றவள். அத்தனை வருஷமும் ஸ்கூட்டியிலேயே ஊர் ஊராகச் சுற்றியவள், இப்போதுதான் பழைய சின்னக் கார் ஒன்றை வாங்கியிருந்தாள். ஒரே நிறச் சேலை கட்டிக் கட்டி அலுத்துவிட்டது, காராவது கண்ணுக்குப் பிடித்த நிறத்தில் இருக்கட்டும் என்று கத்திரிப்பூ நிறத்தைத் தேர்ந்தெடுத்தவளும் அவள்தான். மறுநாள் அந்தக் காரைத் தானே ஓட்டிக்கொண்டு கெங்கவல்லியில் இருக்கும் அக்கா வீட்டுக்குப் போவதாக இருந்தாள்.

காரைப் பார்த்ததும் அவள் முகம் பூத்தது. கையை நீட்டிக்கொண்டு கிட்டே போனவளைத் தமிழரசு குறுக்கே வந்து நிறுத்தினான்.

"நர்ஸக்கா, தொட்டுறாதீங்க. ஒட்டும். ஈரக்காத்தெல்லாம் இல்லீங்க, தப்பு என்னுதுதான். மருந்த மாத்திக் கலக்கிட்டேனுங்க. மொத்தத்தையும் உரிச்சுட்டு, மறுக்கா மொதல்ல இருந்து அடிக்கோணும்."

செல்லாயி கைப்பையைக் கீழே வைத்துவிட்டு, அங்கே கிடந்த ஸ்டூலில் உட்கார்ந்தாள். என்ன மருந்து, எதோடு எது என்று கேட்டாள். அவன் இரண்டு டப்பாவையும் காட்டி விளக்கினான்.

"எங்க தடுப்பூசியும் இப்படித்தான் சாமி. தூளு ஒரு பாட்டில்ல இருக்கும், கரைக்கற தண்ணி இன்னொண்ணுல. ஒரு கம்பெனித் தூளுக்கு இன்னொரு கம்பெனித் தண்ணி ஆகாது. ஒருக்கா தண்ணி மாறி வந்துருச்சு. கைப்பிள்ளையோட முப்பது பேரு காத்துக் கெடக்கறாங்க, மலையில இருந்து எறங்கி வந்தவங்க. அத்தன பேரையும் திருப்பி அனுப்புனேன். என்னத் திட்டாத திட்டில்ல." சொல்லிவிட்டுச் சிரித்தாள். "நீயா சொன்னியே, அது போதும். சரி, நாளைக்கு நான் ஊருக்குப் போகோணுமே?"

"முழுசா முடிக்க நாலு நாளாவதுங்க ஆகும். பொழுது சாயறதுக்குள்ள உரிச்சு, தேச்சு, பிரைமர் மட்டும் அடிச்சுத் தரலாம். சாம்பல் கலர்ல அசிங்கமா இருக்குமுங்க."

"வண்டி ஓடுமா?"

"ஓட்டத்துக்கு ஒண்ணுமில்லீங்க."

"அப்புறமென்ன? காலையில வாரேன்."

அன்று முழுக்கத் தின்னர் வாடையில் தமிழரசு காரைத் துடைத்தான். கேட்காமலேயே மாரியும் ஒரு துணியை எடுத்துக்கொண்டு வந்து எதிர்ப்பக்கம் நின்றான். வெள்ளிக்கிழமை காலையில் செல்லாயி சாம்பல் நிறக் காரில் ஏறி, வெளியே போகிற ஜோரில் ஹாரனை இரண்டு தரம் அடித்துவிட்டுக் கிளம்பினாள்.

மறுநாள் மதியம் தமிழரசின் போனுக்கு ஒரு படம் வந்தது. அக்கா வீட்டு வாசலில் கார். கரும்பலகை கிடைத்துவிட்டது என்று அக்காவின் பேரப்பிள்ளைகள் சாக்பீஸை எடுத்துக்கொண்டு புகுந்துவிட்டிருந்தார்கள். பானட்டில் முட்டைக்குப் பக்கத்தில் ஒரு கோழி. ஒரு கதவில் ஏழாம் வாய்ப்பாடு. இன்னொரு கதவில் 'செல்லாயி எக்ஸ்பிரஸ்'. நடுவில் செல்லாயி இடுப்பில் கை வைத்து நின்றாள். தமிழரசு அதை மாரியிடம் காட்டினான். இரண்டு பேரும் சிரித்த சிரிப்பில், ரோட்டில் போனவர் ஒருவர் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டுப் போனார்.

திங்கட்கிழமை கார் கோழியோடும் வாய்ப்பாட்டோடும் திரும்பி வந்தது. தேய்ப்பதற்கு முன் எல்லாப் பக்கத்தையும் அவன் படம் எடுத்து வைத்துக்கொண்டான். புதன்கிழமை நிறம் அடித்து முடிந்து, கிளியர் கலக்குகிற நேரத்துக்குச் செல்லாயியும் வந்து சேர்ந்தாள்.

"படிச்சுச் சொல்லட்டுமா?" என்று கேட்டு, கண்ணாடியை மாட்டிக்கொண்டு டப்பாவைத் திருப்பினாள். அவள் படிக்கப் படிக்க, அவன் கோடு போட்ட கப்பைச் சமதளத்தில் வைத்து, கிளியரை இரண்டாம் கோடு வரை ஊற்றினான். புது ஆக்டிவேட்டரைத் திறந்து மூன்றாம் கோடு வரை ஊற்றினான். குமிழி வராமல், அடியும் ஓரமும் சுரண்டி, நிதானமாகக் கலக்கினான்.

"கலக்கி ஒரு மணி நேரத்துல அடிச்சு முடிக்கோணும்னு போட்டிருக்குது."

"அதுக்குத்தான் நீங்க வெளிய போகோணுங்க. இதோட புகை நெஞ்சுக்கு ஆகாது." அவளை அனுப்பிவிட்டு, மாஸ்க்கை இறுக்கிக்கொண்டு ஸ்பிரே கன்னைக் கையில் எடுத்தான். கை ஒரு சீராகப் போய் வந்தது.

மறுநாள் காலையில் கப்பைக் கவிழ்த்துத் தட்டினான். மிச்சக் கிளியர் வில்லை வில்லையாகத் தெறித்து விழுந்தது. காரில் விரல் வழுக்கியது.

அதற்கடுத்த நாள் செல்லாயி வந்து காரைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தாள். கண்ணாடியில் பார்ப்பது போலக் கதவில் பார்த்துத் தலைமுடியை ஒதுக்கிக்கொண்டாள். பிறகு முன்கதவைத் திறந்துவிட்டு, "ஏறு சாமி" என்றாள்.

"நானுங்களா?"

"நீ அடிச்ச காருல எதுலயாவது போயிருக்கிறயா?"

யோசித்துப் பார்த்தான். வண்டியை எடுக்கவும் விடவும் ஓட்டியதைத் தவிர, உட்கார்ந்து போனதாக ஒன்றுகூட நினைவில் இல்லை. உடம்பெல்லாம் பெயிண்ட் தேய்த்த தூளாக இருக்கிறது என்று சொல்லிப் பார்த்தான். அவள் கேட்கவில்லை. மாரி சீட்டில் ஒரு செய்தித்தாளை விரித்துக்கொண்டு பின்னால் ஏறிவிட்டான்.

மோகனூர் ரோட்டில் கார் மெதுவாகப் போயிற்று. முட்டை லாரி ஒன்று ஹாரன் அடித்தபடி பின்னால் வர, செல்லாயி பதறாமல் ஓரம் ஒதுங்கி வழி விட்டாள். தமிழரசு கண்ணாடியை இறக்கி, கையை வெளியே நீட்டி, வெயிலில் சுட்ட கதவின் மேல் வைத்துக்கொண்டான். ஆற்றுக் காற்று முகத்தில் அடித்தது. பின்னால் மாரி, டீக்கு நிறுத்தும்போது போண்டாவும் உண்டா என்று கேட்டுக்கொண்டிருந்தான்.