வெயிலில் சுருங்காத கண்

கல்முனையில் உயிரியல் படிப்பிக்கும் ஆசிரியன் நான் என்பதால், ஹஜ்ஜுப் பெருநாள் குர்பானுக்கு அறுக்கும் மாட்டைப் பார்க்கும் வேலையை என் தலையில் கட்டினார்கள். ஒரு மாட்டில் ஏழு பங்கு. மற்ற ஆறு வீட்டாருக்கும் என் படிப்பில் நம்பிக்கை. எனக்கோ கலந்தரில் நம்பிக்கை. மாட்டு வியாபாரி கலந்தர் என் பள்ளிக்கூடத் தோழன். எழுபத்தெட்டுச் சூறாவளியில் எங்கள் கூரை பறந்தபோது, என் உம்மாவைத் தோளில் சுமந்துகொண்டு ஓடியவன்.

குர்பான் மாட்டில் குருடு, நொண்டி இருக்கக் கூடாது. பெருநாளுக்கு முதல்நாள் காலை கலந்தரின் கொட்டிலில் கால் பார்த்தேன், காது பார்த்தேன், கண்ணை மட்டும் ஐந்து நிமிடம் பார்த்தேன். கறுகறுவென்று விரிந்த கண்.

"என்ன வடிவான கண் மச்சான்! கண்டுக்குட்டி மாதிரிச் சாதுவா நிக்குது."

"நீ பாத்தாச் சரிதான் மாஸ்டர்," என்றான் கலந்தர்.

அன்று பின்னேரம், அஸர் தொழுகைக்குப் பிறகு, வாங்கிவந்த அந்த மாடு எங்கள் முற்றத்தில் வெறும் மதிலில் புல் மேய்ந்தது. தென்னையின் நிழலை வாய்க்கால் என்று நினைத்ததோ என்னவோ, காலை உயர்த்தி உயர்த்தித் தாண்டியது.

"இஞ்ச பாருங்க," என்றாள் மனைவி ஸுல்பிகா. "ஒங்கட மாடு இல்லாத ஈயை விரட்டுது. ரெண்டு பேரும் ஒரே வகுப்போ?"

சிரித்தபடி கிட்டப் போனேன். வெயில் நேரே அதன் முகத்தில் அடித்தது. மாட்டின் கண்மணி வெயிலில் கோடாகச் சுருங்க வேண்டும். சுருங்கவில்லை.

ஊமத்தங்காய்!

போன மாதம் தேநீர்க் கடையில் நான்தான் பெரிய மேதை மாதிரி விளக்கினேன். நரம்புக்கு நரம்பு செய்தி கொண்டுபோகும் இரசாயனத்தை ஊமத்தை மூளைக்குள் மறித்துவிடும். முரட்டு விலங்கும் மந்தமாகும், இல்லாததைக் காணும், கண்மணி விரியும். எத்தனை காய் என்றுகூடச் சொன்னேன். என் மாணவர்கள் கொட்டாவி விடும் பாடத்தைக் கலந்தர் தேநீர் ஆறும்வரை கேட்டான். இப்படியொரு மாணவன் வாய்த்தானே என்று வடையும் வாங்கிக் கொடுத்தேன்.

சைக்கிளை மிதித்து அவன் வீட்டுக்குப் போனேன். வாசல் படலையடியில் நின்றவனிடம், ஊமத்தங்காயா என்று கேட்டேன். மறுக்கவில்லை.

"பொத்துவில் பக்கம் ரெண்டு பேரை முட்டின மாடு மச்சான். தெரிஞ்சவன் ஆரு வாங்குவான்?"

"ஏழு வீட்டுப் புள்ளைகளும் தின்னிற இறைச்சி. அத நினைச்சியா?"

கலந்தர் படலைக் கயிற்றை அவிழ்த்துத் திரும்பக் கட்டினான்.

"எத்தனை காய் குடுத்தாய்? அந்த விஷம் இறங்குமட்டும் அறுக்கேலா."

"நீ சொன்னதில பாதிதான் மச்சான். ஒனக்கெண்டுதான் குறைச்சுப் போட்டன்."

உம்மாவைச் சுமந்த தோளை ஒருமுறை பார்த்துவிட்டுச் சைக்கிளைத் திருப்பினேன். ஆறு வீட்டுக்கும் போய், நாளைக்கு அறுப்பு இல்லை, கண் பார்க்கத் தெரியாத என்னிடம் மாட்டை விட்டுவிட்டீர்கள் என்று சொல்ல வேண்டும்.

"மாஸ்டர்," பின்னாலிருந்து கூப்பிட்டான். "என்ட பேரச் சொல்லிராத."

அதை அவன் கேட்காமல் இருந்திருக்கலாம். சொல்வதில்லை என்றுதான் நானும் நினைத்திருந்தேன்.