பின்பக்க ஜன்னல்

தெருமுனையில் நடமாடும் மருத்துவமனை வேன் வந்து நின்ற சத்தம் தையற்காரருக்குக் கேட்டது. மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமைதான் வரும். அவருக்கு மாத்திரை தீர்ந்து மூன்று வாரத்துக்கு மேலாகிறது. ஆனாலும் எழுந்திருக்கவில்லை, ஊசியில் நூலைக் கோத்தார்.

எச்ஐவி இருப்பது தெரிந்து நான்கு வருடம். நாள் தவறாமல் ஒரு மாத்திரை போட்டதில் உடம்பு தேறி, கிருமி பரிசோதனையில் தெரியாத அளவுக்கு அடங்கியிருந்தது. கெட்டது வேறு விதமாக வந்தது. வேனில் காய்ச்சலுக்கும் சர்க்கரைக்கும் முன்வாசல். இந்த மருந்துக்கு மட்டும் பின்பக்க ஜன்னல். அங்கே நின்றவரை எதிர்வீட்டுக்காரி பார்த்துவிட்டாள். அவ்வளவுதான், அளவு கொடுக்க வந்தவர்கள் வேறு கடை தேடினார்கள். தம்பி மனைவி தனித் தட்டு ஒதுக்கி, சாப்பாட்டை மாடிப்படியில் வைத்துவிட்டுப் போனாள். கீழே இருக்கும் தம்பி போனில்தான் பேசினான். அன்று காலையிலிருந்து அவர் வாய் திறந்து பேசியது ஒரே ஒரு தடவை, உருண்டு போன நூல்கண்டிடம், "எங்க ஓடுற?" என்று.

மதியம் அந்த வேனின் நர்ஸ் கடைக்கு வந்தாள். சீருடையை மறைத்து ஒரு சால்வை, கையில் கிழிந்த கோட்டு.

"பாக்கெட் பிஞ்சிருச்சு அண்ணா, தெச்சுத் தர்றீங்களா?" என்றவள், தெருவில் ஆளில்லை என்று பார்த்துக்கொண்டு குரலைத் தாழ்த்தினாள். "போன மாசமும் வரல, இன்னிக்கும் வரல."

"மாத்திரை வேணாம் சிஸ்டர்."

"யாரு சொன்னா வேணாம்னு?"

"யாரும் சொல்லல. அந்த ஜன்னல்ல நின்னா நம்ம கதைய ஊரே சொல்லிடுது. நீங்க மருந்தும் குடுக்கறீங்க, கழுத்துல அட்டையும் மாட்டி விடறீங்க."

நர்ஸ் கோட்டை மேசைமேல் வைத்தாள். காத்திருக்க வேண்டாமே என்று அந்த ஜன்னலை ஏற்பாடு செய்தவளே அவள்தான். வராமல் நின்றுபோன ஆறு பேரின் பெயருக்கு எதிரே 'அக்கறையில்லை' என்று பதிவேட்டில் எழுதியவளும் அவள்தான்.

"தப்பு என்னோடது," என்றாள். "நாளைக்கே ஆஸ்பத்திரியில ரத்தம் பாத்துடலாம், நானும் வர்றேன். மாத்திரைய இன்னிக்கே ஆரம்பிச்சிடுங்க."

அடுத்த மாதம் அந்த ஜன்னல் மூடியிருந்தது. எல்லோருக்கும் ஒரே வாசல், ஒரே நிற டோக்கன்; கதவைச் சாத்திக்கொண்டு ஒவ்வொருவராகப் பார்த்தாள். நின்றுபோன ஆறு பேரில் நான்கு பேர் திரும்ப வந்திருந்தார்கள். தையற்காரர் பக்கத்தில் உட்கார்ந்த ஒருவர் தன் முட்டிவலியைப் பற்றி அரைமணி நேரம் அறுத்தார். இவர் ஒரு வார்த்தை விடாமல் கேட்டார். பக்கத்தில் ஒரு மனிதர் உட்கார்ந்து எத்தனை நாளாயிற்று.

உள்ளே, மூன்று மாத மருந்தைச் சேர்த்துக் கொடுத்த நர்ஸ், "வீட்டுல எப்படி அண்ணா?" என்றாள்.

"அப்படியேதான்."

"நீங்க சரின்னா, தம்பிகிட்டயும் அவர் சம்சாரத்துகிட்டயும் நான் பேசறேன். கூட உக்காந்து சாப்பிட்டா இது ஒட்டாதுன்னு."

அவர் மருந்தைப் பைக்குள் வைத்தார். பிறகு தலையாட்டினார்.

"பேசுங்கம்மா. கிருமி மாத்திரைக்கு அடங்கிடுது. ஒதுக்கி வெக்கிறதுக்கு மாத்திரை கிடையாது. அத ஒதுக்கினவங்கதான் நிறுத்தணும்."