எதிர்க்கரை வீடு

அவர் குளிக்கப் போயிருந்தார். ஞாயிற்றுக்கிழமை விடிந்ததும் ஏரிக்குப் போய்ப் பறவைகளைப் படம் எடுத்துவிட்டு வருவார். வந்ததும் கேமராவைச் சாப்பாட்டு மேசைமேல் வைத்துவிட்டுக் குளியலறைக்குள் புகுந்துகொள்வார். ரப்பர் பந்தை அமுக்கித் தூசியை ஊதி, மெல்லிய துணியால் துடைத்து, பையில் வைப்பது என் வேலை. என் முழங்கை நீளத்துக்கு லென்ஸ். கைக்குழந்தையைத் தூக்குவதுபோலத் தூக்க வேண்டும், இல்லாவிட்டால் கத்துவார். மற்றபடி ஆள் கல்லுளிமங்கன். மின்சார மீட்டர் பார்க்க வீடு வீடாகப் போகிறவருக்குப் பேச்சு முழுக்க ஊராரோடேயே தீர்ந்துவிடுமோ என்னவோ.

துடைக்கும்போது விரல் எங்கேயோ பட்டுத் திரையில் ஒரு படம் வந்தது. நாரையாக இருக்கும் என்று பார்த்தேன். ஒரு வீட்டு வாசற்படி. படியில் ஒரு பெண், மடியில் குழந்தை. அதற்கு முந்தைய படத்திலும் அவர்கள்தான். அதற்கும் முந்தையதிலும். பின்னால் போகப் போகக் குழந்தை சின்னதாகிக்கொண்டே போனது. பெரிதாக்கிப் பார்த்தேன். எங்கள் மகள்.

குழந்தைக்கு அவருடைய காது. விடைத்துக்கொண்டு நிற்கும் அதே காது. எனக்கு ஒரு பேரன் இருக்கிறான் என்று ஒரு கேமரா சொல்லி எனக்குத் தெரிகிறது, பாருங்கள்.

பிடித்தவனைக் கட்டிக்கொண்டாள், அவ்வளவுதான் அவள் செய்தது. அதற்கு இவர், இனி அவளோடு ஒரு வார்த்தை பேச மாட்டேன், நீயும் பேசக் கூடாது என்று குதித்தார். போன் நம்பர்களை மாற்றினார். அவள் பேச்சை எடுத்தால் சாப்பாட்டைப் பாதியில் விட்டு எழுந்தார். எங்கே இருக்கிறாளோ, என்ன செய்கிறாளோ என்று தலையணையைக் கடித்துக்கொண்டு நான் அழுதிருக்கிறேன். இவரோ வாராவாரம் அவளைக் கண் குளிரப் பார்த்துவிட்டு வந்து, என் கையால் வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார்.

தலையைத் துவட்டிக்கொண்டே வந்தவர் முன்னால் கேமராவை நீட்டினேன்.

“இது எந்த ஊர் நாரைங்க?”

துண்டு தலையிலேயே நின்றது. “பேச மாட்டேன்னுதான் சொன்னேன். பார்க்க மாட்டேன்னு சொல்லலையே” என்றார்.

“அப்போ நான்? நான் மட்டும் என்ன பாவம் பண்ணேன்?”

அவர் முகத்தைப் பார்க்கப் பிடிக்காமல் மறுபடியும் திரையைப் பார்த்தேன். அன்று காலை எடுத்த படம். பேரன் ஓர் அட்டைப்பெட்டிமேல் உட்கார்ந்து சிரிக்கிறான். பின்னால் இன்னும் பெட்டிகள். ஜன்னலில் திரைச்சீலை இல்லை. கட்டிலைக் கழற்றிச் சுவரோரம் சாய்த்திருக்கிறார்கள்.

“அடக் கடவுளே! வீட்டைக் காலி பண்றாங்க. இது கூடவா உங்க கண்ணுல படல?”

“நான் புள்ளையத்தான் பார்த்தேன். ஏரிக்கு எதிர்க்கரைலதான் இருக்காங்க” என்றார்.

கிடைத்த செருப்பை மாட்டிக்கொண்டு ஏரிக்கு ஓடினேன். கேமராவையும் அதை நிறுத்தும் முக்காலியையும் தூக்கிக்கொண்டு அவரும் பின்னால் வந்தார். கரையில் நின்று பார்த்தால் எதிர்க்கரை வீடுகள் தீப்பெட்டி அளவுதான். அவர் கேமராவில் கண்ணை வைத்து, “வண்டி நிக்குது. சாமான் ஏத்துறாங்க” என்றார். சாலையில் போனால் பாலம் வரைக்கும் சுற்று; கரையோரப் பாதைதான் கிட்டே. போனை எடுத்துவர இரண்டு பேருக்குமே தோன்றவில்லை.

“நீங்களும் வாங்க.”

“எந்த மூஞ்சிய வச்சிக்கிட்டு வர?” என்றார். “நீ போ. அவ அங்க இருக்கிற வரைக்கும் நான் கையத் தூக்கியே வச்சிருக்கேன். திரும்பித் திரும்பிப் பார்த்துக்கோ.”

ஓட்டமும் நடையுமாகப் போனேன். போனதும் பேரனை வாரி எடுப்பதா, மகளை முதலில் ரெண்டு சாத்து சாத்துவதா என்று புரியவில்லை. மூச்சு வாங்கியது. திரும்பிப் பார்த்தேன். கேமராமேல் குனிந்திருந்தார், ஒரு கை மேலே இருந்தது. வளைவில் பார்த்தேன். கை மேலேதான். தோள்வலிக்காரர், சட்டை போடவே நான் கை பிடித்துவிட வேண்டும். பாதிக்கு மேல் மரங்கள் அடர்ந்து எதிர்க்கரையை மறைத்துவிட்டன. இனி அவர் கையை நம்பித்தான் போக வேண்டும்.

மறுபடியும் திரும்பினேன். கை கீழே இருந்தது.

தோள் வலித்திருக்கும், மாற்றிக்கொள்வார் என்று நின்றேன். “இன்னொரு கையத் தூக்குங்க!” என்று கத்தினேன். “தூக்குங்க!” கேமராமேல் குனிந்தவர் குனிந்தபடியே இருந்தார்.