லிஃப்ட் ஓடும்போது எடுத்த ரத்தம்

மாமாவின் கால்விரல் புண் ரெண்டு மாசமாக ஆறாமல் அடம்பிடித்தது. லேப் மிஷினோ ஒவ்வொரு தடவையும் சர்க்கரை தொண்ணூற்றெட்டு என்று நா கூசாமல் சொன்னது. அந்த லேபை நடத்துகிற மருமகளுக்கு ஒன்றும் பிடிபடவில்லை. புண்ணை நம்புவதா, நம்பரை நம்புவதா?

அன்று காலை குட்டு உடைந்தது. எதிரே லிஃப்ட் கிளம்பும்போதெல்லாம் லேப் விளக்கு மங்கியது, மிஷின் உளறியது. மாமாவின் ரத்தத்தையே மறுபடி வைத்துப் பார்த்தாள். லிஃப்ட் ஓடினால் தொண்ணூற்றெட்டு. நின்றால் முந்நூறுக்கு மேல்! மாமா ரத்தம் கொடுப்பதோ எப்போதும் லிஃப்ட் ஓயாத காலை நேரத்தில்.

"கரண்ட் வந்தா மட்டும் போதாது மாமா, சீரா வரணும். ஃபேனுக்கு இதெல்லாம் உறைக்காது. இந்த மிஷினுக்கு ஒரு நொடி குறைஞ்சாலே புத்தி பேதலிச்சுடும். ஸ்டெபிலைசர் நாளைக்குத்தான் வரும். இப்ப லிஃப்ட்டை நிறுத்திட்டு புதுசா ரத்தம் எடுத்து, ரிப்போர்ட்டை டாக்டருக்கு அனுப்பிடலாம்."

"நல்லாத்தானே ஓடுது, அதை எதுக்கும்மா நிறுத்தணும்?" என்ற மாமா, யாருக்கோ போன் போட்டார்.

அவ்வளவுதான், லிஃப்ட்டுக்குப் பேய் பிடித்தது. மேலே, கீழே, மேலே, கீழே. அவள் காலால் கதவைத் தடுத்துப் பார்த்தால், உள்ளே மாமாவோடு தினம் நடைபோகும் கூட்டாளிகள் நாலு பேர்! எல்லாருமே இவளிடம் ரத்தம் கொடுத்து, நல்ல ரிப்போர்ட் வாங்கி, வாயைக் கட்டாமல் திரிகிற ஆசாமிகள்.

"இறங்குங்க!"

"மாட்டோம்மா," என்றார் ஓய்வுபெற்ற தலைமையாசிரியர். "உங்க மாமாவுக்கு நல்ல நம்பர் வர்ற வரைக்கும் ஓட்டுவோம். நட்புன்னா சும்மாவா?"

அவளுக்கு வந்த ஆத்திரத்தில் அழுகையே வந்துவிட்டது. "நல்லா ஓட்டுங்க! தாள்ல நம்பர் அழகா வரும். மாமாவுக்குக் கால்தான் போகும்."

நாலு பேரும் ஒவ்வொருவராக லிஃப்ட்டை விட்டு இறங்கினார்கள். லேப் வாசலில் நின்ற மாமா மெதுவாகச் சொன்னார். "பயமா இருக்கும்மா. உங்க அத்தைக்கும் இப்படி ஒரு புண்ணுலதான் ஆரம்பிச்சுது."

"எனக்கும் பயம்தான் மாமா. வாங்க, கையை நீட்டுங்க."

லிஃப்ட் அசையாமல் நின்றது. மிஷின் முந்நூற்றுப் பதினாலு என்றது. மாமா அதைத் தானே ரெண்டு தரம் வாசித்துவிட்டு, டாக்டருக்குப் போன் போடச் சொன்னார்.

போனை எடுக்கத் திரும்பினாள். வாசலில் நாலு பேரும் வரிசையாகச் சட்டைக்கையை மடித்துக்கொண்டு நின்றார்கள். முதலில் நின்ற தலைமையாசிரியர் கையை நீட்டினார்.